நோய்க்கு யார் பெயர்?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். சாமியைப் பற்றியோ, சாஸ்திரத்தைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வாழவந்தி நாட்டிலிருந்தும் வளப்பூர் நாட்டிலிருந்தும் வந்திருக்கும் உங்களிடம், நோய்களின் பெயர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் சற்றுப் பொறுத்துக் கேட்டீர்களானால், அந்தப் பெயர்களுக்குள்ளேயே சாமியும் சாஸ்திரமும் ஜாதியும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வயதானவருக்குக் கை நடுங்குகிறது. டாக்டர் "பார்க்கின்சன்" என்கிறார். அது யாரென்றால், 1817-ம் வருஷத்தில் லண்டனில் அந்த நடுக்கத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய ஒரு வைத்தியர். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன் என்பவர், மண்ணீரல் வீங்கிச் சாகிற காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1903-ம் வருஷத்தில் கண்டார். அதே கிருமியை இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் கண்டிருந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு வைத்துவிட்டார்கள். இப்படி வைத்திய நூல்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பத்து பேர். இவையெல்லாம் நம் ஊர்க் குழந்தைக்குத் தாத்தா பெயர் வைப்பதைப் போல என்று நினைத்துச் சிரித்துவிடலாம். ஆனால் நாம் என்ன பெயர் வைத்திருந்தோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுக் கண்ணைக் குருடாக்கிக் குழந்தையைக் கொன்ற நோய்க்கு நாம் வைத்த பெயர் "அம்மை". அதாவது தாய்! "ஆத்தாள் வந்திருக்கிறாள்", "அம்மை வார்த்திருக்கிறது" என்போம். நோயே சாமியாகிவிட்டால் வைத்தியம் பார்ப்பது குற்றமாகிவிடுகிறது. வேப்பிலை கட்டு, கூழ் ஊற்று, மருந்து கொடுக்காதே, ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லி எத்தனை ஆயிரம் குழந்தைகளைப் புதைத்தோம்! கடைசியில் அம்மை குத்தும் ஊசிதான் 1975-ம் வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மையை ஒழித்தது. ஆத்தாளுக்குக் கோபம் தீர்ந்துதான் போனாள் என்று யாராவது சொல்லத் துணிவார்களானால், அவள் கோபம் ஊசிக்குப் பயந்து தீர்ந்தது என்று நாமும் ஒப்புக்கொள்ளத் தயார்.

நிற்க. இன்று நாம் முக்கியமாகப் பேச விரும்புவது அம்மையைப் பற்றியல்ல. நம் நாட்டில் சொல்லுவதற்கே வாய் கூசுகிற ஒரு நோயைப் பற்றி. குட்டம் என்றார்கள், குஷ்டம் என்றார்கள், பெருநோய் என்றார்கள், பிறகு தொழுநோய் என்றார்கள். பெயரை மாற்றினார்களே தவிர, ஒவ்வொரு பெயரும் கொஞ்ச நாளில் வசைச் சொல்லாகிவிட்டது. ஏன்? பெயருக்குள்ளே "இவன் பாவி" என்கிற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சண்டையில் ஒருவனைச் சபிக்க வேண்டுமானால் "உன் கை அழுகிப் போக" என்கிறோம். கை அழுகியவனைக் கண்டால், யாரோ சபித்தது பலித்தது என்றுதானே மனம் ஓடும்?

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனுநூலின் 11-ம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. போன பிறவியில் பொன் திருடியவனுக்கு இந்தப் பிறவியில் சொத்தை நகம். கள் குடித்தவனுக்குக் கறுத்த பல். பிராமணனைக் கொன்றவனுக்கு க்ஷயரோகம். துணி திருடியவனுக்கு வெண்குட்டம். எந்த நோய்க்கு எந்தக் குற்றம் என்று விலைப்பட்டியல் போட்டதுபோல் போட்டிருக்கிறார்கள். புராணத்திலோ, கிருஷ்ண பகவான் சொந்தப் பிள்ளையாகிய சாம்பனையே குட்டம் பிடிக்கச் சபித்தார் என்றும், அவன் சூரியனைத் தொழுது குணமடைந்தான் என்றும் கதை. பெற்ற பிள்ளைக்கே இந்தக் கதியென்றால் ஊரான் பிள்ளை எம்மாத்திரம்? பாம்பை அடித்த தோஷம் தோலில் வரும் என்று சொல்லிப் பரிகாரத்துக்குத் தட்சணை வாங்குகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

இது நம் நாட்டுச் சரக்கு மாத்திரம் என்று கிறிஸ்தவத் தோழர்கள் மகிழ வேண்டாம். அவர்கள் வேதத்தில் லேவியராகமம் என்கிற பாகத்தின் 13-ம் அத்தியாயத்தைப் பார்த்தால், தோலில் வடு கண்டவனைப் பரிசோதிக்கிறவன் வைத்தியன் அல்ல, பூசாரி. அவன் "தீட்டு" என்று சொல்லிவிட்டால் நோயாளி தன் துணியைக் கிழித்துக்கொண்டு, தான் தீட்டுப்பட்டவன் என்று தானே கூவிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். தீண்டாமையை நம்மவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாதபடி, உலகத்தில் அதற்குப் பங்காளிகள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு பேரும் ஏன் பாவம் என்றார்கள்? அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நோயின் கிருமி மகா சோம்பேறி. ஒன்று இரண்டாக ஏறக்குறையப் பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளும். உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரியச் சராசரி ஐந்து வருஷம். சிலருக்கு இருபது வருஷமும் ஆகும். அன்றியும், புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே வராது. அவர்கள் உடம்பே கிருமியை அடக்கிவிடும். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் ஒருவனுக்கு மாத்திரம், எப்போதோ தொற்றியது என்றோ வெளிப்பட்டால், "இவனுக்கு மாத்திரம் ஏன்?" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்லுவது? காரணம் தெரியாமல் காலியாகக் கிடந்த இடத்தில் பூசாரி குடியேறிவிட்டான்.

அந்த இடத்தைக் காலி செய்தவர்தான் ஆன்சன். நார்வே தேசத்தில் பெர்கன் என்கிற ஊர். அந்தத் தேசத்திலும் அக்காலத்தில் இந்நோய் நிறைய இருந்தது. அங்கே இந்நோயில் பேர்போன டேனியல்சன் என்கிற பெரிய வைத்தியர், இது பரம்பரையாக இரத்தத்தில் வருவது என்று சாதித்தார். ஆன்சன் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அதோடு அவர் மகளைக் கட்டிய மருமகனும்கூட. மாமனார் சொன்னார் என்று ஆன்சன் விட்டுவிடவில்லை. 1873-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு நோயாளியின் தோல் கட்டியைக் கீறிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சிறு குச்சிகள் போன்றவை தெரிந்தன. நோய் பரம்பரையல்ல, கிருமி என்று எழுதினார். பெரியவர்கள் சொன்னதைப் பேரன்மார் மறுக்கக்கூடாது என்கிற நம் ஊரில் இவர் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே! ஆன்சனை நாம் சாமியாக்க வரவில்லை. 1879-ம் வருஷம், நோய் தொற்றுமா என்று அறிவதற்காக, தன் ஆஸ்பத்திரியிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவள் சம்மதத்தைக் கேளாமலேயே, வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை ஊசியால் குத்தினார். அந்தப் பெண் ஏழை. ஆயினும் வழக்கு நடந்தது. 1880-ம் வருஷம் கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று தீர்த்து ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நீக்கிவிட்டது. இது அவர் வாழ்க்கையில் அழியாத கறை. அதே 1879-ல் ஜெர்மனி தேசத்து நைசர் என்கிற வாலிபர் அவரிடம் வந்து, கிருமி இருந்த சதைத் துண்டுகளை வாங்கிக்கொண்டு போய், சாயம் ஏற்றிப் பார்த்து, "கண்டவன் நானே" என்று எழுதிவிட்டார். அந்தச் சண்டையும் நெடுநாள் நடந்தது. கடைசியில் இந்நோய்க்கு ஆன்சன் பெயரும், நைசருக்கு வெட்டை நோய்க் கிருமியின் பெயரும் பங்காக விழுந்தன. நைசருக்கு இதில் திருப்தி உண்டாகியிருக்குமா என்பது சந்தேகமே.

பெயர்த் திருட்டு என்று பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மலையில் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று காட்டுகிறார்கள். சித்தர்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தார்கள். நீரடிமுத்து என்கிற கொட்டையின் எண்ணெயை அதற்கு மருந்தாகவும் வைத்தார்கள். அவர்கள் கண்டதில் பலன் இல்லாமல் இல்லை. இந்த மர இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா என்கிற எண்ணெயைத்தான் வெள்ளைக்கார வைத்தியர்களும் 1940-கள் வரைக்கும் பிரதானமாக நம்பியிருந்தார்கள். ஆனால் குடித்தால் வாந்தி. ஊசியாய்ப் போட்டால் தோலுக்கடியில் கட்டி. ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்கிற 23 வயதுக் கறுப்பினப் பெண் 1915-ம் வருஷத்தில் அந்த எண்ணெயை உடம்பு ஏற்கும்படி பக்குவம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தாள். அடுத்த வருஷக் கடைசியில் 24 வயதில் இறந்துபோனாள். அவளுடைய காலேஜின் தலைவர் டீன் என்பவர் அந்தப் பக்குவத்தைத் தொடர்ந்து நடத்தி, அவள் பெயரைச் சொல்லாமல் பிரசுரம் செய்தார். உலகம் அதை "டீன் முறை" என்றது. 1922-ம் வருஷத்தில் ஒரு வைத்தியர் அது "பால் முறை" என்று எடுத்துக் காட்டினார். கேட்பார் இல்லை. அந்தக் காலேஜ் அவளுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தது 2000-ம் வருஷத்தில்! பெண்ணாகவும் கறுப்பாகவும் பிறந்தவளின் அறிவுக்கு மேலே யார் பெயர் ஏறி உட்காரும் என்பதை, ஏகலைவன் கட்டைவிரல் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது இந்தக் கொல்லிமலைக்கே வருவோம். இங்கே வாழவந்தியில் வாழ்ந்த ஒரு பாதிரியார் குடும்பத்தைப் பற்றி உங்களில் முதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1913-ம் வருஷத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்கிறவரும் அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரும் சேந்தமங்கலத்தில் கலியாணம் செய்துகொண்டு இந்த மலைக்கு ஏறினார்கள். அன்று எழுபது வளைவுச் சாலை இல்லை, டோலியும் கால்நடையும்தான். அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. அந்தக் காரியத்தில் அவர்களுக்கும் நமக்கும் உடன்பாடும் இல்லை. ஆனால் அவர்கள் பல் பிடுங்கினார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். காலில் நரம்புச்சிலந்தி கண்டவர்களுக்கு அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றி மெள்ள மெள்ள இழுத்தார்கள். பிரசங்கத்தைத் தள்ளிவிட்டுக் கட்டை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அவர்களுக்கு 1914-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி இந்த மலையில் பிறந்த பிள்ளை பால் பிராண்ட். அவர் சிறு பையனாயிருந்தபோது, விரலற்ற மூன்று பேர் வைத்தியத்துக்கு வந்ததாகவும், தகப்பனார் பிள்ளைகளை எட்டிப் போகச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டதாகவும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளையை 9-வது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ம் வருஷம் ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் இங்கேயே மலேரியாவின் கொடிய வகையாகிய கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது 15 வயதுகூட முடியவில்லை. சிரித்தே கொல்லும் பாவை ஒன்று இந்த மலையில் உண்டென்று பழங்கதை சொல்லுகிறது. அதையே எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுகிறார்கள். உண்மையில் கொன்றது கொசு. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான அத்தாட்சியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-ல். இவர் இறப்பதற்கு 32 வருஷங்களுக்கு முன்பு. பாவையும் காப்பாற்றவில்லை, கர்த்தரும் காப்பாற்றவில்லை. தெரிந்த உண்மை மலைமேல் ஏறி வர அவ்வளவு காலம் பிடித்தது.

பால் பிராண்ட் முதலில் கற்றது வைத்தியம் அல்ல. தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். பிறகுதான் லண்டனில் ரண வைத்தியம் படித்தார். 1946-ம் வருஷக் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் செங்கற்பட்டுக்கு அடுத்த திருமணியிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தலைமை வைத்தியராயிருந்த ராபர்ட் காக்ரேன் என்பவர் நோயாளிகளைக் காட்டிக்கொண்டே வந்தார். விரல்கள் மடங்கிக் கழுகின் கால்போல் ஆகிவிட்ட ஒருவனைப் பார்த்து, "என் கையை அழுத்திப் பிடி" என்றார் பிராண்ட். செத்த கையில் என்ன பலம் இருக்கப்போகிறது என்று நினைத்துக் கொடுத்த கை, வலி தாங்காமல் கத்தும்படி ஆயிற்று. கை சாகவில்லை! பிடிக்கிற தசை உயிரோடு இருக்கிறது. பிடித்ததை விரித்து நேராக்குகிற சிறு தசைகள் மாத்திரமே செயலற்றுக் கிடக்கின்றன. தகப்பனார் கையுறை போட்டுத் தொட்டார். மகன் வெறுங்கையைக் கொடுத்தார். அந்தக் கைகுலுக்கலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இதை நீங்களே உங்கள் கையில் பார்க்கலாம். இந்தக் கூட்டத்து நோட்டீஸை எல்லாரும் வைத்திருக்கிறீர்கள். இரண்டு கையிலும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலின் பக்கத்துக்கும் நடுவே அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் இழுங்கள். கட்டை விரல் நேராக நிற்கிறதா? நல்லது. முழங்கையின் உள்பக்கம், இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற இடம் ஒன்று உண்டல்லவா? அந்த நரம்பு கெட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கட்டை விரல் நேராக நிற்க முடியாமல் நுனி மடங்கிக்கொள்ளும். 1915-ம் வருஷத்தில், ஐரோப்பாவில் பெரும் யுத்தம் நடந்தபோது, குண்டு பட்ட சிப்பாய்களின் கையில் இதைக் கண்டு சொன்னவர் பிரான்சு தேசத்து ஃபுரோமான் என்கிற டாக்டர். அதனால் இதற்கு ஃபுரோமான் அடையாளம் என்று பெயர். காசு செலவில்லாத பரிட்சை. ஜோசியன் கையைப் பார்த்துச் சொல்லுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: ஜோசியன் சொன்னதை நீங்கள் நம்பத்தான் வேண்டும்; ஃபுரோமான் சொன்னதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்சன் கண்ட கிருமி குளிர்ச்சியான இடத்தை விரும்பும். எனவே தோலுக்கு அருகில் ஓடும் நரம்பையே, முழங்கையிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முகத்திலும், பிடித்துக் கெடுக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவேயுள்ள பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பிராண்ட் என்ன செய்தார்? தப்பிய தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, நாலு பிரிவாக்கி நாலு விரலுக்கும் கொண்டுபோய்க் கட்டினார். பொம்மலாட்டக்காரன் ஒரு கயிற்றை அவிழ்த்து வேறு பொம்மைக்குக் கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடங்கிய விரல் விரிந்தது. அந்த முறைக்கு இன்றும் ரண வைத்திய நூல்களில் பிராண்ட் பெயர்தான். கொல்லிமலையில் பிறந்தவன் பெயர் உலகத்து வைத்திய நூலில் இருக்கிறது என்று இந்த மலையில் எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்தார். விரல் ஏன் குறைகிறது? "சதை அழுகி உதிர்கிறது" என்றுதான் வைத்தியர்களும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் நம்பாமல் கூடவே இருந்து பார்த்தார். துருப்பிடித்துத் திரும்பாத பூட்டை ஒரு பையன் சட்டென்று திறந்துவிட்டான். பார்த்தால் விரல் எலும்பு தெரிய வெட்டியிருக்கிறது, அவனுக்குத் தெரியவேயில்லை. அடுப்பில் விழுந்ததைக் கையாலேயே எடுக்கிறார்கள், வலியில்லை. இரவில் படுத்தபோது இருந்த விரல் காலையில் காணவில்லை. எங்கே போயிற்று என்று விழித்திருந்து காவல் காத்தால், எலி வந்து கடித்துத் தின்கிறது, தூங்குகிறவனுக்கு உணர்ச்சியில்லை! அன்றுமுதல் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கூடவே கொடுத்தனுப்பினார்கள். தோழர்களே, எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பூர்வஜன்மப் பாவம் தின்றது என்று சொல்லிக்கொண்டிருந்த விரலைத் தின்றது எலி. மனு எழுதிய பட்டியலுக்கு ஒரு பூனை பதில் சொல்லிவிட்டது.

அந்நாளில் பொது ஆஸ்பத்திரிகள் இந்நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. சரிசெய்த கையோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து, "இந்தக் கைக்குப் பிச்சை சரியாக விழவில்லை" என்று பிராண்டிடம் முறையிட்டார்கள். கோணல் கைக்கு இரங்கிக் காசு போட்ட ஜனங்கள் நேரான கைக்கு வேலை கொடுக்கவில்லை. கையைச் சரிசெய்ய ரண வைத்தியம் இருக்கிறது. ஊரைச் சரிசெய்ய எந்த நாணை எங்கே கட்டுவது? பிராண்ட் தாம் முதலில் கற்ற தச்சு வேலையையே அவர்களுக்குக் கற்பித்தார். அதற்காக வேலூரில் "நவஜீவ நிலையம்" என்று ஒரு சிறு குடியிருப்பையும் அமைத்தார். 1955-ல் கரிகிரியில் தனி ஆஸ்பத்திரியே எழுந்தது.

1966-ம் வருஷத்தில் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் என்கிற இடத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்தப் பேச்சுக்கு அந்த ஊர் மிகவும் தேவை. ஏனென்றால் ஆன்சன் பெயரை நோய்க்கு வைக்கவேண்டும் என்று போராடியவர்கள் டாக்டர்கள் அல்ல, அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த நோயாளிகள். அங்கே போகிறவர்கள் பலர், குடும்பத்துக்கு அவமானம் வராமலிருக்கத் தங்கள் சொந்தப் பெயரையே விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். அப்படி 1931-ல் போனவர்களில் ஒருவர் தமக்கு ஸ்டான்லி ஸ்டைன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் உள்ளே இருந்துகொண்டே "ஸ்டார்" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நோயால் கண்பார்வை போன பிறகும் நடத்தினார். அவருடைய ஓயாத கோரிக்கை ஒன்றே: எங்களை வசைச் சொல்லால் அழைக்காதே, எங்கள் நோயை ஆன்சன் நோய் என்று சொல். தன் பெயரை இழந்த மனிதர் நோயின் பெயரை மாற்றப் பாடுபட்டார்! பிரேசில் தேசத்தில் 1995-ம் வருஷம் சட்டமே செய்து பழைய பெயரைச் சர்க்கார் காகிதங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சிலர் கேட்கலாம்: "வெள்ளைக்காரன் பெயரைத் தமிழன் நோய்க்கு வைப்பது அடிமைப் புத்தியல்லவா? அதுவும் சம்மதமில்லாமல் ஒரு பெண்ணின் கண்ணில் குத்தியவன் பெயரை?" நியாயமான கேள்வி. அவருக்குச் சிலை வைக்கும் காரியமாக இருந்தால் நாமும் யோசிப்போம். நோயாளிகள் அந்தப் பெயரைக் கேட்டது அவருக்கு மரியாதை செய்ய அல்ல. அந்தப் பெயரில் தங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதால். குஷ்டம் என்றால் பாவம் செய்தவன். பெருநோய் என்றால் ஊருக்கு வெளியே போகவேண்டியவன். ஆன்சன் நோய் என்றால் நார்வேயில் ஒருவன் பூதக்கண்ணாடியில் பார்த்தது, அவ்வளவுதான். நம்மில் பலர் பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த ஜாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தது எதற்காகவோ, அதற்காகவே இதுவும். இதைவிட நல்ல தமிழ்ப் பெயர், குற்றம் சாட்டாத பெயர், யாராவது கொண்டு வந்தால் நாம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம்.

பெயர் வெறும் சொல்தானே என்று அலட்சியம் செய்கிறவர்களுக்குச் சட்டத்தைக் காட்டுகிறோம். நோயாளிகளைப் பிடித்து அடைப்பதற்கு வெள்ளைக்காரச் சர்க்கார் 1898-ல் செய்த சட்டம், வெள்ளைக்காரன் போய், மருந்து வந்து, நோயும் குறைந்த பிறகும், 2016-ம் வருஷத்தில்தான் ரத்தாயிற்று. புருஷனுக்கோ மனைவிக்கோ இந்நோய் இருந்தால் விவாகரத்துக்கு அதுவே காரணம் என்று 1955-ம் வருஷத்து இந்துக் கலியாணச் சட்டத்தில் இருந்தது. அதை எடுத்தது 2019-ல்! கூட்டு மருந்தைக் கொடுக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது 1981-லேயே. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் மாத்திரை. ஆரம்பித்த சில நாளிலேயே நோய் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அப்படிக் குணமாகிற நோய்க்கு 38 வருஷம் விவாகரத்து வைத்திருந்தோம். நீரிழிவு ஆயுள் முழுவதும் தீராது; அதற்கு யாராவது தாலியை அறுக்கச் சொன்னார்களா?

2005-ம் வருஷக் கடைசியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் இறங்கிவிட்டதென்று கணக்குக் காட்டி, பொதுஜனப் பிரச்னை என்கிற நிலை நீங்கிவிட்டதாக நம் சர்க்கார் அறிவித்தது. அதைக் கேட்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2022-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 1,74,000 பேர். அதில் இந்தியாவில் மாத்திரம் ஒரு லட்சத்துக்கு மேல். இவர்களில் ஒருவனும் விரலை இழக்கவேண்டிய அவசியம் இல்லை. நிறம் வெளுத்த, கிள்ளினால் தெரியாத ஒரு தேமல், ஒரு படை — அதோடு வந்தால் மாத்திரையோடு தீர்ந்துவிடும். ஆனால் வருவதில்லை. பெண்ணாயிருந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று தாயார் புடவையால் மூடுகிறாள். கணவனுக்குத் தெரிந்தால் துரத்திவிடுவான் என்று மனைவி ரவிக்கைக்குள் மறைக்கிறாள். மூடி வைத்த இரண்டு வருஷத்தில் நரம்பு போய்விடுகிறது. மரத்துப்போன நரம்பு, மாத்திரை சாப்பிட்ட பிறகும் அநேகமாகத் திரும்புவதில்லை. ஆகவே விரலைத் தின்கிற எலியைப் பூனை பிடித்துவிட்டது; பெயரைப் பிடிக்கிற பூனைதான் இன்னும் பிறக்கவில்லை.

ஈவ்லின் அம்மையார் முதிய வயதில் மறுபடியும் இந்த மலைக்கே வந்து, 1974-ல் தம் 95-வது வயதில் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். பால் பிராண்ட் 2003-ம் வருஷம் அமெரிக்காவில் இறந்தார். மரத்த காலில் புண் வராமலிருக்க, நுண்ணறை ரப்பரில் மெத்தென்ற செருப்பு ஒன்றை அவர்கள் வேலூரிலும் கரிகிரியிலும் செய்து பழக்கினார்கள். நல்ல செருப்பு; எத்தனையோ கால்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி. சந்தையில் அதைக் கண்டால் ஜனங்கள், "அந்த நோய்க்காரன் செருப்பு" என்று விலகினார்கள். அதனால் நோயாளிகள் வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். பிறகு கடைச் செருப்பைப்போலவே பல நிறத்திலும் மாதிரியிலும் செய்ய ஆரம்பித்தார்கள். அவ்வாறு செய்த ஜோடி இரண்டை இந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். எது நோய்க்காரன் செருப்பு, எது கடைச் செருப்பு என்று தெரிகிறதா என்று நீங்கள் வந்து பார்க்கலாம்.

கூட்டம் முடிந்த பிறகு, காகிதம் பிடித்துப் பார்த்ததில் விரல் மடங்கிய தோழர்கள் யாராவது இருந்தால் நம்மிடம் தனியே சொல்லலாம். முழங்கை நரம்பு கெட வேறு காரணங்களும் உண்டு, பயப்பட வேண்டியதில்லை. நாளைக் காலை அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு நாமும் வருகிறோம்.